கட்டுச்சோறும் வழிச்சுமையும்

கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்பது நம் முன்னோர் வாக்கு. பிள்ளை வெளியூர் புறப்படும்போது தாய் சோற்றைக் கட்டித் தருகிறாள். தந்தை புத்திமதியைக் கட்டித் தருகிறார். சோறு மறுநாளே கெட்டுவிடுகிறது. புத்திமதியோ ஊர் எல்லையைத் தாண்டுமுன்பே மறந்துவிடுகிறது. அப்படியானால் பிள்ளையோடு பயணத்தின் முடிவுவரை செல்வது எது? தானே ஆராய்ந்து கட்டிக்கொண்ட மூட்டையும், தானே உணர்ந்து ஏற்றுக்கொண்ட ஒழுங்குமே அவனோடு செல்பவை. ஆகவே, கட்டிக் கொடுப்பதைக் காட்டிலும் கட்டக் கற்றுக் கொடுப்பதே பெற்றோரின் பெருங்கடமையாகும்.

இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பளிக்கலாம். மோட்டார் சைக்கிளில் நெடுந்தொலைவு செல்வோர் எவற்றை எடுத்துச் செல்ல வேண்டும், எவற்றை வீட்டில் விட்டுச் செல்ல வேண்டும் என்பதே அது. "இது பங்குச்சாமியார் எழுதவேண்டிய காரியமா?" என்று கேட்பீர்கள். இன்று நம் பங்குகளில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு அரிது. வேளாங்கண்ணிக்கும் பூண்டி மாதா கோயிலுக்கும் மட்டுமன்று, வெளி மாநிலங்களில் உள்ள திருத்தலங்களுக்கும் நம் இளைஞர்கள் இவ்வண்டியிலேயே புறப்பட்டு விடுகிறார்கள். திருச்சபையும் இவ்வண்டியைப் புறக்கணித்ததில்லை. இத்தாலி நாட்டில் கஸ்தெல்லாட்சோ போர்மிதா என்னும் ஊரிலுள்ள அன்னையை மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களின் பாதுகாவலியாகப் பன்னிரண்டாம் பத்திநாதர் 1947-ஆம் ஆண்டு அறிவித்தார். அதற்கும் முன்னர், ஆப்பிரிக்காவில் உழைத்துக்கொண்டிருந்த தம் நண்பரான குரு ஒருவர், உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வாகனம் இன்றி 1925-இல் இறந்துபோனதைக் கேட்டு மனம் உடைந்தார் பவுல் ஷுல்ட்டே என்னும் ஜெர்மானிய அமலமரித் தியாகிகள் சபைக் குரு. அவர் 1927-இல், மறைபரப்பு நாடுகளுக்கு வாகனங்கள் வாங்கி அனுப்புவதற்கென்றே ஒரு சங்கத்தை நிறுவினார். வாகனம் உயிரைக் காப்பதற்கு என்பது அவர் கண்ட உண்மை. அதே வாகனம் உயிரைப் பறிப்பதாகவும் ஆகிவிடுவதை நம் பங்குக் கல்லறைத் தோட்டங்களில் காண்கிறோம். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது பெரும்பாலும் புறப்படுமுன் செய்யும் ஆயத்தமே.

முப்பத்தொரு கிலோ மூட்டை

2024-ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் 2025 சனவரி 5 வரை பழைய கோவாவில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருவுடல் பொதுமக்கள் வணக்கத்துக்கு வைக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் இவ்வணக்கத்துக்குச் செல்ல வேண்டுமென்று, அவர் கால் பதித்த முத்துக்குளித்துறைக் கரையைச் சேர்ந்த நம் பங்கின் இளைஞர் ஐவர் விரும்பினர். மூன்று வண்டிகளில், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியைக் கடப்பது அவர்கள் திட்டம். அறிமுகக் கடிதம் வேண்டி, திருவருகைக் காலத்தில் ஒரு மாலை நம்மிடம் வந்தார்கள். "கடிதம் தருகிறோம், முதலில் உங்கள் மூட்டைகளைக் கொண்டுவாருங்கள், தம்பி" என்றோம்.

மறுநாள் மூட்டைகள் வந்தன. மீன் நிறுக்கும் தொங்கு தராசு ஒன்றையும் வரவழைத்தோம். மிகப் பெரிய மூட்டை முப்பத்தொரு கிலோ இருந்தது. அதை அறைவீட்டுத் திண்ணையில் அவிழ்த்துப் பரப்பச் சொன்னோம். சட்டைகள் ஏழு, கால்சட்டைகள் நான்கு, துணி தேய்க்கும் பெட்டி, பாட்டுப் பெட்டி, படம் எடுக்கும் கருவிக்கு மூன்று கால் தாங்கி, இரண்டு சோடி செருப்பு, ஒரு போர்வை, ஒரு பெரிய டின் நிறைய முறுக்கு. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "பஞ்சர் ஒட்டும் சாமான் எங்கே?" என்று கேட்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். "மழைச்சட்டை?" அதுவும் இல்லை. "காயத்துக்குக் கட்டுத்துணி?" அதற்கும் மறுமொழி இல்லை. நல்ல பிள்ளைகள்தான், ஆனால் தங்கியிருக்கும் நேரத்துக்கு வேண்டியவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு, வழிக்கு வேண்டியவற்றை மறந்துவிட்டார்கள்.

மனிதர் பெரும்பாலோர் வாழ்க்கைக்கும் இவ்வாறே ஆயத்தம் செய்கிறார்கள் அல்லவா? திருமணத்துக்குப் பந்தலும் பலகாரமும் திட்டமிடுவோர் பலர். மறுநாள் தொடங்கும் வாழ்வுக்குத் திட்டமிடுவோர் சிலர்.

ஆண்டவர் சொன்ன இரு சொற்கள்

பயணத்துக்கு எதை எடுத்துச் செல்வது என்பதைப் பற்றி நம் ஆண்டவரே பேசியிருக்கிறார். பன்னிருவரை அனுப்பும்போது கைத்தடி தவிர உணவு, பை, பணம் எதுவும் வேண்டாம், மாற்று அங்கியும் வேண்டாம் என்று கட்டளையிட்டதை மாற்கு எழுதுகிறார். இறுதி இரவு உணவின்போதோ, பணப்பை உள்ளவன் அதை எடுத்துக்கொள்ளட்டும், பையையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று அதே ஆண்டவர் சொன்னதாக லூக்கா எழுதுகிறார். இவை ஒன்றுக்கொன்று முரணானவை என எண்ணுவோர் உண்டு. முரண் இல்லை. முதற்பயணத்தில் வரவேற்க வீடுகள் இருந்தன. இரண்டாவதில் எதிர்ப்பு காத்திருந்தது. வழியைப் பார்த்து மூட்டையைக் கட்டு என்பதே இவ்விரு சொற்களும் சேர்ந்து நமக்குக் கற்பிக்கும் பாடம்.

அந்த இளைஞர்கள் தரிசிக்கப்போன புனிதரே இதற்கு நல்ல சான்று. தமது முப்பத்தைந்தாம் பிறந்த நாளான 1541 ஏப்ரல் 7 அன்று சவேரியார் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். போர்த்துக்கல் மன்னரின் அதிகாரிகள் அவருக்குப் பயணத்துக்கான பொருள்களையெல்லாம் கொடுக்க முன்வந்தனர். பணியாள் ஒருவனையும் அளிக்க விரும்பினர். அவர் ஏற்றுக்கொண்டவை சில நூல்களும், நன்னம்பிக்கை முனையின் குளிருக்குத் தடித்த மேலங்கி ஒன்றுமே. பணியாள் வேண்டாம், தம் துணியைத் தாமே துவைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். இங்கே கவனியுங்கள்: ஒன்றும் வேண்டாம் என்று அவர் வீறாப்புப் பேசவில்லை. முனையில் குளிர் இருக்கும் என்பதை அறிந்து அதற்குரிய ஆடையைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். மற்றவை சுமை எனத் தள்ளினார். மொசாம்பிக்கில் மாதக்கணக்கில் தங்கி, 1542 மே 6 அன்று கோவா சேர்ந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே நம் கரைக்கு வந்துவிட்டார். பதின்மூன்று மாதப் பயணத்துக்கு அவர் கொண்டுவந்த மூட்டையைக் காட்டிலும், பத்து நாள் பயணத்துக்கு நம் தம்பிமார் கட்டிய மூட்டை பெரிது.

புனித பவுலும் நமக்குத் துணை நிற்கிறார். சிறையிலிருந்து திமொத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலுடையையும் நூல்களையும், குறிப்பாகத் தோல்சுருள்களையும் கொண்டுவரச் சொல்கிறார். குளிர்காலத்துக்கு முன் வந்துவிடும்படியும் கேட்கிறார். உடலுக்கு ஓர் உடை, உள்ளத்துக்கு நூல்கள். பேரப்போஸ்தலர் கேட்டது அவ்வளவே.

சுமையை வைக்கும் முறை

இனி வண்டிக்கு வருவோம். ஒவ்வொரு மோட்டார் சைக்கிளுக்கும் அது தாங்கக்கூடிய மொத்தச் சுமையைக் கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். ஓட்டுபவர், பின்னால் அமர்பவர், மூட்டை ஆகிய மூன்றும் சேர்ந்ததே அவ்வளவு. சிறிய வண்டிகள் பலவற்றில் இருவர் ஏறியதுமே அவ்வளவு ஏறத்தாழ நிறைந்துவிடும். ஆகவே மூட்டைக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று கணக்கிட்ட பிறகே கட்டத் தொடங்க வேண்டும்.

எவ்வளவு எடை என்பதோடு எங்கே எடை என்பதும் முக்கியமானது. கனமான பொருள்கள் தாழ்வாகவும், ஓட்டுபவருக்கு அருகாகவும் இருக்க வேண்டும்; இலேசானவை மேலே இருக்கலாம். பின்சக்கர அச்சுக்குப் பின்னால் கேரியரில் கனத்தை ஏற்றினால் முன்சக்கரம் தரையை அழுத்துவது குறையும்; கைப்பிடி நடுங்கும்; திருப்பத்தில் வண்டி சொன்னபடி கேளாது. இருபுறமும் பை தொங்கவிடுவோர் இரண்டையும் தராசில் நிறுத்துச் சமமாக்க வேண்டும். கைப்பிடியில் எதையும் தொங்கவிடலாகாது. பை சைலன்சரைத் தொட்டால் தீய்ந்துபோகும். பின்விளக்கு, திரும்பும் விளக்கு, எண்பலகை ஆகியவற்றை மூட்டை மறைக்கக் கூடாது. பின்னால் வரும் லாரிக்காரருக்கு நம்மை அறிவிப்பவை அவையே.

கட்டும் கயிற்றிலும் கவனம் தேவை. தொங்கும் நுனி ஒன்று செயினிலோ சக்கரத்திலோ சிக்கினால் ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். கொக்கி வைத்த இரப்பர்க் கயிறு கை தவறினால் கண்ணில் தெறிக்கும். அகன்ற பட்டைகளால் இறுக்கி, மிஞ்சிய நுனிகளை மடித்துச் செருகுவதே நலம். புறப்பட்டு முப்பது கிலோமீட்டர் சென்றதும் ஒருமுறை நிறுத்தி மீண்டும் இறுக்கிக்கொள்ள வேண்டும். ஏனெனில் புதிதாகக் கட்டிய எந்த மூட்டையும் அதற்குள் தளர்ந்துவிடும். முதுகில் பை மாட்டுவோர் அதில் ஸ்பேனர் போன்ற இரும்புச் சாமான்களை வைக்கலாகாது. விழ நேர்ந்தால் அவை முதுகெலும்பைத் தாக்கும்.

சுமை ஏறிய வண்டி வேறு வண்டி என்றே கொள்ள வேண்டும். டயர்க் காற்றைக் கையேட்டில் சுமைக்கெனக் குறித்த அளவுக்கு, டயர் சூடேறுமுன் நிரப்ப வேண்டும். பிரேக் பிடித்தால் நிற்க வழக்கத்தைவிடக் கூடுதல் தூரம் ஆகும். ஆகவே புறப்படும் வாரத்திலேயே முழுச் சுமையோடு முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது அறிவுடைமை.

எடுத்துச் செல்ல வேண்டியவை

அணிந்திருப்பது ஒன்று, மாற்று இரண்டு என உடை போதும். சவேரியாரைப் போலத் துவைத்துக்கொள்ளலாம். தடித்த கால்சட்டை, முழுக்கைச் சட்டையின் மேல் கெட்டியான மேற்சட்டை, கணுக்காலை மூடும் காலணி, கையுறை ஆகியவை உடலோடு இருக்க வேண்டும். திசம்பர், சனவரியில் கர்நாடக மேட்டுநிலத்தின் விடியற்காலைக் குளிர் நம் கடற்கரைப் பிள்ளைகள் அறியாதது. மழைச்சட்டை மூட்டையின் அடியில் அன்று, மேலே இருக்க வேண்டும். மழை கொட்டும்போது மூட்டை முழுவதையும் அவிழ்ப்பவன் எல்லாவற்றையும் நனைத்துக்கொள்வான். பைக்குள் உள்ளவற்றையும் பிளாஸ்டிக் உறைகளில் இட்டே வைக்க வேண்டும்.

வண்டிக்குரியவை: பஞ்சர் ஒட்டும் சாமான், கையால் காற்றடிக்கும் பம்பு, கம்பிச் சக்கரமானால் மாற்று டியூப், கிளட்ச் கேபிள் ஒன்று, ஸ்பார்க் பிளக்கும் அதைக் கழற்றும் ஸ்பேனரும், பியூஸ், செயினுக்கு எண்ணெய். ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினைத் துடைத்து எண்ணெயிட வேண்டும். இவை அனைத்தையும் சேர்த்தாலும் அந்த முறுக்கு டின்னின் எடை வராது. பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் கொண்டுசெல்வது பெரும் ஆபத்து. நெடுஞ்சாலையில் அதற்குத் தேவையும் இல்லை.

ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவுச் சான்று, காப்புறுதி, புகைச் சான்று ஆகியவை பையில் அன்று, உடலோடு இருக்கட்டும். அவற்றோடு சிறு அட்டை ஒன்றில் பெயர், இரத்த வகை, ஒவ்வாத மருந்து, வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிச் சட்டைப் பையில் வைக்க வேண்டும். நாம் பேச இயலாத நேரத்தில் நமக்காகப் பேசுவது அந்த அட்டையே.

திண்ணையில் இரண்டு மணி நேரம் பேசி முடித்தபோது, முப்பத்தொரு கிலோ மூட்டை பதினான்கு கிலோவாகியிருந்தது. முறுக்கில் ஒரு பங்கு அறைவீட்டிலேயே தங்கிவிட்டது என்பதையும் வாசகர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

மறந்துபோன ஒன்று

அவ்வைவருள் ஒருவனின் தந்தை 2011-ஆம் ஆண்டு, வீட்டிலிருந்து நான்கே கிலோமீட்டர் தொலைவில், மோட்டார் சைக்கிளில் செல்லும்போது அடிபட்டு இறந்தார். அவரிடம் தலைக்கவசம் இருந்தது. அருகில்தானே செல்கிறோம் என்று வண்டியின் கண்ணாடியில் அதை மாட்டியிருந்தார். அக்கவசம் ஒரு கீறலுமின்றி வீடு திரும்பியது. அவருடைய மனைவி பதின்மூன்று ஆண்டுகளாக அதை வீட்டில் வைத்திருக்கிறார்.

அந்த அம்மா நம்மைப் பார்க்க வந்தார். மகனைத் தடுக்கும்படி கேட்பார் என்றே எண்ணினோம். அவரோ அமைதியாக, "சாமி, அவன் சவேரியாரைப் பார்க்கப் போகிறான், நான் தடுக்கவில்லை. மூட்டையெல்லாம் திருத்தமாகக் கட்டியிருக்கிறான். ஆனால் தலைக்கவசத்தையும் மூட்டையின் மேலே வைத்துக் கட்டியிருக்கிறானே, சாமி" என்றார். சென்று பார்த்தோம். உண்மைதான். காற்றோட்டமாகச் செல்ல வேண்டுமென்று, நெடுஞ்சாலை வரும்வரை அது மூட்டையோடு இருக்கட்டும் என நினைத்திருந்தான்.

மத்திய அரசு வெளியிட்ட கணக்கின்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். இவர்களுள் 14,337 பேர் ஓட்டியவர்கள் அல்லர். பின்னால் அமர்ந்து சென்றவர்கள். நம் குடும்பங்களில் பின்னால் அமர்ந்து செல்பவர்கள் யார்? மனைவியரும் தாய்மாரும் பிள்ளைகளும் அல்லவா? கணவர் தலையில் கவசம், மனைவி தலையில் முக்காடு மட்டும் என்ற காட்சியை ஞாயிறுதோறும் கோயில் வாயிலில் காண்கிறோம். இது எந்த அன்பைச் சேர்ந்தது?

ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் கவசம் அணிய வேண்டும் என்பது நாட்டின் சட்டம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் கவசமும், ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையும் வேண்டும் என்று 2022-இல் விதி வகுத்தார்கள். அவ்வண்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டலாகாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற கவசத்தை வாங்கி, தாடைப் பட்டையை மாட்டினால்தான் அது கவசம். மாட்டாவிட்டால் தலையில் வைத்த பானை.

புறப்பட்ட நாளில் வண்டிகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தோம். மந்திரிப்பு பிரேக்குக்குப் பதிலாகாது என்பதையும் சொன்னோம். அன்று அந்த அம்மா முன்வந்து, மகனின் தாடைப் பட்டையைத் தம் கையாலேயே மாட்டிவிட்டு, நெற்றியில் இடவேண்டிய சிலுவையைக் கவசத்தின் மேல் இட்டார்.

சமாரியனின் பை

நல்ல சமாரியனின் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அவன் பையில் என்ன இருந்தது என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா? எண்ணெய் இருந்தது, திராட்சை இரசம் இருந்தது, காயத்தைக் கட்டத் துணி இருந்தது, சாவடிக்காரனுக்குக் கொடுக்க இரண்டு தெனாரியம் இருந்தது. இரக்கம் அவன் நெஞ்சில் பிறந்தது. ஆனால் அந்த இரக்கத்துக்குக் கை கொடுத்தது அவன் பை. குருவும் லேவியனும் விலகிச் சென்றார்கள் என்று ஆண்டவர் சொல்லும்போது, குருக்களாகிய நாம் தலைகுனிந்துதான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆகவே நம் மூட்டையில் பிறருக்கென ஓர் இடம் இருக்க வேண்டும். கிருமி நீக்கும் மருந்து, கட்டுத்துணி, பஞ்சு, மெல்லிய கையுறை, உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்க்கரைசல் பொட்டலங்கள், இரண்டு லிட்டர் குடிநீர். விபத்தைக் கண்டால் 108-ஐயோ 112-ஐயோ அழைக்க வேண்டும். அடிபட்டவருக்கு மூச்சு தடைப்பட்டாலன்றித் தலைக்கவசத்தைக் கழற்ற முயலலாகாது. கழுத்தை அசைத்தால் கேடு மிகும். போலீசு, வழக்கு என்று அஞ்சி விலகிச் செல்வோர் பலர். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்னும் பிரிவைச் சேர்த்து, நல்லெண்ணத்தோடு உதவுபவர் மீது வழக்கில்லை என்று விதித்திருக்கிறார்கள். அவர் தம் பெயரைச் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. அச்சட்டம் அவரை அழைக்கும் பெயரே நல்ல சமாரியன் என்பதுதான். தமிழக அரசு 2021 திசம்பரில் தொடங்கிய திட்டம், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்க வகை செய்தது. அந்த இரண்டு தெனாரியத்தை அரசே தர முன்வந்த பிறகும் நாம் விலகிச் செல்லலாமா?

துணையும் ஒழுங்கும்

தோபித்து தம் மகன் தோபியாவை நினிவேயிலிருந்து மேதியா நாட்டுக்கு அனுப்பிய வரலாறு குடும்பங்கள் சேர்ந்து படிக்கத் தக்கது. முதியவர் முதலில் தேடச் சொன்னது வழி அறிந்த நம்பகமான துணையை. வந்தவரின் குலத்தையும் குடும்பத்தையும் விசாரித்தார். நாளொன்றுக்கு ஒரு திராக்மா கூலி பேசினார். அத்துணைவர் வானதூதர் இரபேல் என்பதை அவர் அறியார். தாய் அன்னாவோ அழுதாள். மகன் திரும்பும்வரை வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு நாயும் உடன் சென்றது என்று விவிலியம் சொல்கிறது. தந்தையின் விசாரணையும் தாயின் கண்ணீரும் வானதூதரின் துணையும் அங்கே ஒன்றாகச் செல்கின்றன. ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்று ஆகிவிடவில்லை.

நம் இளைஞர்களும் ஓர் ஒழுங்கை எழுதிக்கொண்டார்கள். நாளொன்றுக்கு நானூறு கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. பொழுது சாய்ந்தபின் ஓட்டுவதில்லை. இரண்டு மணிக்கொருமுறை இறங்கி நடப்பது. மதுவைத் தொடுவதில்லை. இரவு தங்குமிடம் சேர்ந்ததும் வீட்டுக்குப் பேசுவது. ஓட்டும்போது வரும் அழைப்பை எடுப்பதில்லை. இந்தக் கடைசி விதியை ஏற்றுக்கொள்ளப் பெற்றோரே அதிகம் தயங்கினர். பிள்ளை நலமாக இருக்கிறானா என்று மணிக்கொருமுறை அழைப்பதே அவனுக்குக் கேடாக முடியும் என்று விளக்கினோம்.

2024 திசம்பர் 27 அன்று புறப்பட்டார்கள். மதுரை, திண்டுக்கல் வழியாகச் சென்று கரூரில் முதல் இரவு தங்கினார்கள். மறுநாள், விபத்துகளுக்குப் பேர்பெற்ற தொப்பூர்க் கணவாயைப் பகல் வெளிச்சத்தில் மெதுவாகக் கடந்து, பெங்களூருக்கு அப்பால் தும்கூர் சேர்ந்தார்கள். 29-ஆம் நாள் ஞாயிறு, திருக்குடும்பத் திருநாள்; அங்கே காலைத் திருப்பலி கண்ட பிறகே வண்டியை எடுத்தார்கள். சித்திரதுர்காவுக்கு அருகே ஒரு வண்டி பஞ்சரானது. அரை மணியில் தாங்களே சரி செய்தார்கள். தாவணகெரேயைத் தாண்டியதும், சாலையோரம் மொபெட்டிலிருந்து விழுந்து கிடந்த முதியவர் ஒருவரைக் கண்டு நிறுத்தினார்கள். மொழி தெரியாது. காயத்தைக் கழுவிக் கட்டி, தண்ணீர் கொடுத்து, ஆம்புலன்சு வரும்வரை உடனிருந்தார்கள். அதனால் ஊப்ளி சேர இருட்டத் தொடங்கிவிட்டது. எழுதிய ஒழுங்கு சற்றே பிசகியதற்காக நம்மிடம் வருத்தம் தெரிவித்தார்கள். அதற்காகத்தான் அந்தக் கட்டுத்துணியை எடுத்துச் சென்றீர்கள் என்று மறுமொழி சொன்னோம். 30-ஆம் நாள் பழைய கோவாவில் புனிதரின் திருவுடலை வணங்கினார்கள். சனவரி முதல் நாள் திருப்பலிக்குப் பின் புறப்பட்டு, நான்காம் நாள் ஐவரும் நலமே வீடு சேர்ந்தனர்.

குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்

தந்தையரே, பிள்ளை நெடுவழி புறப்படும்போது, போகாதே என்று சொல்வதும் எப்படியோ போ என்று விடுவதும் எளிது. அவன் அருகே அமர்ந்து, மூட்டையை அவிழ்த்து, இது எதற்கு, அது எங்கே என்று கேட்பது கடினம். அந்தக் கடினமான வேலையே தந்தைமை. தாய்மாரே, பலகாரத்தைக் குறையுங்கள், கட்டுத்துணியைச் சேருங்கள். உங்கள் செபத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சேருங்கள். அதற்கு எடை இல்லை.

இளைஞர்களே, செபமாலை ஒன்றைச் சட்டைப் பையில் வையுங்கள். ஓட்டும்போது அன்று, நிறுத்தும் இடங்களில் செபிப்பதற்கு. ஞாயிறு திருப்பலி வழியில் எந்த ஊரில் என்பதைப் புறப்படுமுன்பே விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். மூட்டையைக் கட்டி முடித்ததும் ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து, இது வழிக்கா, வீம்புக்கா என்று கேளுங்கள். வீம்புக்கு உரியவற்றை வீட்டில் விடுங்கள். யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் அதையும் வீட்டில் விட்டுச் செல்லுங்கள். புறப்படுமுன் அவரிடம் சென்று ஒரு வார்த்தை பேசிவிட்டுச் செல்லுங்கள். எந்தக் கேரியரும் தாங்காத சுமை அது.

ஆகஸ்டு 29 அன்று வேளாங்கண்ணியில் கொடி ஏறும். அதற்கு முன்னரே நம் மறைமாவட்டத்தின் பல வீடுகளிலிருந்து வண்டிகள் புறப்படும். புறப்படும் வீட்டார் அதற்கு முந்திய சனிக்கிழமை மாலை, மூட்டைகளைக் கட்டியபடியே கோயில் வளாகத்துக்குக் கொண்டுவாருங்கள். தராசு நம்மிடம் இருக்கிறது. தீர்த்தமும் ஆயத்தமாக இருக்கும். முதலில் தராசு, பிறகு தீர்த்தம். பின்னால் அமர்ந்து செல்பவருக்கும் தலைக்கவசம் கொண்டுவர மறவாதீர்கள்.